அரைப்புள்ளியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண் தன் தமிழ் விடைத்தாளோடு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. 'கண்ணன் கடைக்குப் போய், பேனா வாங்கி, வீட்டுக்கு வந்தான்' – இது எவ்வகை வாக்கியம்? தனி வாக்கியம் என்று எழுதியிருக்கிறாள். அதை அடித்து, 'தொடர்' என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தது. "ஒரு பயனிலைதானே இருக்கு, மாமா?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். ஒரு பயனிலையோடு முடிந்தால் தனி. ஓர் எழுவாய் பல பயனிலைகளைக் கொண்டால் தொடர். முதன்மை வாக்கியத்தோடு துணை வாக்கியம் சேர்ந்தால் கலவை. பள்ளியில் சொல்லித்தரும் வரையறை இதுதான். மேலே உள்ளதில் முற்று ஒன்றே ஒன்று, 'வந்தான்'. மற்ற இரண்டும் வினையெச்சம். திருத்தியவர் மனசுக்குள் இங்கிலீஷில் போட்டுப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம். அங்கே 'அண்ட்' போட்டு மூன்று முற்றுவினை வரும்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்ற பாகுபாட்டை அப்படியே தமிழில் இறக்கி வைத்திருக்கிறோம். நம் புத்தகங்கள் தரும் தொடர் வாக்கியத்தைப் பாருங்கள்: 'கண்ணன் கடைக்குப் போனான்; பேனா வாங்கினான்; வீட்டுக்கு வந்தான்.' அரைப்புள்ளியை எடுத்து முற்றுப்புள்ளி வைத்தால் மூன்று தனி வாக்கியம், அவ்வளவுதான். சேர்த்துக் கட்டுவது மொழி இல்லை, அச்சுக்கூடத்துக் குறி. 'அண்ணனும் தம்பியும்' என்று பெயரை இணைக்கிற 'உம்' முற்றுவினைமேல் ஏறாது. 'பாடினானும் ஆடினானும்' என்று எந்தக் குழந்தையும் பேசுவதில்லை. 'பாடி ஆடினான்' என்றுதான் சொல்லும்.

நன்னூலில் எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் உண்டு, வாக்கியத்துக்கென்று தனி இயல் கிடையாது. ஆனால் வேண்டிய கருவி வினையியலிலேயே இருக்கிறது. 'செய்து' வாய்பாட்டு எச்சம் தன் கருத்தாவின் வினையையே கொண்டு முடியும். 'செய', 'செயின்' பிறர் வினையையும் ஏற்கும். புரோகிராம் எழுதுகிற எனக்கு இது டைப் செக்கிங் மாதிரி தெரிகிறது. பிள்ளைகளுக்குத் தேவை இந்த ஒரு விதி. வகைப்பெயர் அப்புறம் வரட்டும்.

அவளிடம் முயன்று பார்த்தேன். 'சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். மாம்பழச்சாலையில் இறங்கினேன். அம்மா மண்டபத்துக்கு நடந்தேன்.' நொடியில் 'ஏறி, இறங்கி, நடந்தேன்' என்று சேர்த்துவிட்டாள். அடுத்து, 'டிரைவர் பிரேக் போட்டார். நான் விழுந்தேன்.' 'பிரேக் போட்டு' என்று ஆரம்பித்தவள் தானே நிறுத்தி, "இல்ல, போட... போட்டதால" என்றாள். ஏன் மாற்றினாய் என்றேன். "ஆள் மாறுதே!"

அப்படியானால் 'மழை பெய்து நெல் விளைந்தது' எப்படிச் சரி என்று அடுத்த கேள்வி. அங்கே 'பெய்து' என்பது 'பெய்ய' என்பதன் திரிபு என்று உரைகாரர்கள் எப்போதோ சமாதானம் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அது திருப்தியாயில்லை. எனக்கும்தான்.