கடல் விலகிய நேரத்து மோரிப்

மோரிப் கடற்கரைக்கு முதல் தடவை வருகிறவர்கள் காரை விட்டு இறங்கியதும் கேட்பதையே, பிரிக்பீல்ட்ஸிலிருந்து நானும் என் மனைவியும் அழைத்துப் போன அத்தையும் கேட்டார்: “என்னலா, கடலையே காணோம்?”

இருந்தது. வெகு தூரத்தில், ஈயக் கம்பியை இழுத்துக் கட்டினாற்போல் ஒரு கோடு. கோட்டுக்கும் நமக்கும் நடுவே சாம்பலும் பழுப்புமாய் ஈரத் தரை. கிள்ளானிலிருந்து பந்திங் வழியாக ஒரு மணி நேரம் வந்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். “வெறும் சேறு” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, அடுத்த விடுமுறைக்குப் போர்ட்டிக்சன் போய்விடுவார்கள். போகட்டும். எனக்கு மோரிப் என்றால் ஆயர் சூருட்தான், அதாவது கடல் வற்றும் நேரம். தண்ணீர் எப்போது வற்றும் என்று பார்த்துக்கொண்டுதான் வீட்டைவிட்டே கிளம்புவேன்.

கிள்ளான் பக்கத்துக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம். ஒரு மாடி உயரத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் இறங்குகிறது. தரையில் சரிவு என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால், கொஞ்சம் இறங்கினாலே கடல் வெகு தூரம் போய்விடுகிறது. நாளுக்கு இரண்டு தடவை இப்படி ஒரு மைதானம் திறக்கும். இரண்டு தடவையும் மூடிக்கொள்ளும்.

அதில் இறங்குமுன் கரையில் நிற்கும் சவுக்கு மரத்தடியில் கொஞ்சம் உட்கார வேண்டும். மலாய்க்காரர்கள் ரூ என்பார்கள். நம் ஊர்ப்பக்கம் பந்தல் காலுக்கும் அடுப்புக்கும் வெட்டிய மரம் என்பதாலோ என்னவோ, இதை யாரும் அழகென்று பேசியதில்லை. கீழே உதிர்ந்து கிடக்கும் பச்சை ஊசி ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடியுங்கள். அது இலையே அல்ல, மெல்லிய கிளை. மூங்கிலைப்போல் கணுக் கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் ஏழெட்டுப் பற்கள் வட்டமாக, சின்னக் கிரீடம் வைத்ததுபோல் நிற்கும். அந்தப் பற்கள்தாம் இலைகள். கணுவில் இழுத்தால் ‘டிக்’கென்று கழன்றுவரும், திரும்பச் செருகினால் ஒட்டினாற்போல் நிற்கும். “எங்கே உடைச்சேன், கண்டுபிடி” என்பது இங்கே பிள்ளைகள் விளையாட்டு. அத்தையின் பேரன் மூன்று தடவை தோற்றான்.

பிறகு மணலுக்கு இறங்கினோம். சேறு தொடங்குமுன் கெட்டியான மணல் பட்டை ஒன்று உண்டு. அதில் கால் வைத்த அத்தை சட்டென்று நின்றுவிட்டார். தரை முழுக்க மிளகளவு மணல் உருண்டைகள், ஆயிரக்கணக்கில். “புள்ளி வெச்சவ கோடு போட மறந்துட்டாளே!”

வைத்தது நண்டு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். நாம் அசையாமல் குந்தியிருந்தால் இரண்டு நிமிடத்தில் வெளியே வரும். வளையின் வாயிலிருந்து பக்கவாட்டில் நடந்தபடியே மணலை அள்ளி வாயில் வைக்கும். மணலில் ஒட்டிய பாசியும் மக்கலும் உள்ளே போகும். மிச்ச மணல் வாயின் மேல் உருண்டு திரளும். கொடுக்கால் அதைக் கிள்ளிப் பின்னால் தள்ளிவிடும். அடுத்த வாய், அடுத்த உருண்டை. கை அவ்வளவு வேகம்; பார்க்கிறவருக்குத்தான் மூச்சு வாங்கும்.

கோடு போட மறந்தாள் என்றாரே, கோடும் இருக்கிறது. வளையைச் சுற்றிக் கதிர்போல் விரியும் உருண்டை வரிசைகளுக்கு நடுவே ஒரு வெற்றுப் பாதை ஓடும். அதில் ஒரு உருண்டைகூட விழுந்திருக்காது. பறவையின் நிழல் விழுந்தால் நண்டு வீட்டுக்கு ஓடுகிற வழி அது. பேரன் கையை நீட்டினான். கண் இமைக்குமுன் அந்தப் பாதை வழியே நண்டு மறைந்தது.

இன்னும் தள்ளிப் போனால் சேறு. கணுக்கால் வரை இழுக்கும். 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷாரின் 25-ஆவது இந்திய டிவிஷன் இந்தக் கரையில்தான் வந்து இறங்கியது. ஜப்பான் ஆகஸ்டிலேயே பணிந்துவிட்டதால் சுட ஆளில்லை. ஆனால் வண்டிகள் இறங்கிய வேகத்தில் புதைந்து நின்றன. வரைபடத்தை வைத்துத் திட்டம் போட்டவர்கள் இந்தச் சேற்றைத் தப்பாக எடைபோட்டிருந்தார்கள். துப்பாக்கியோடு யாராவது எதிர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்போது அதே சேற்றில், தலைமேல் கண் முளைத்த பெலாச்சாக் மீன்கள் துடுப்பை ஊன்றித் துள்ளுகின்றன. தோல் காய்ந்தால் ஒரு புரளல். கண் காய்ந்தால் அதைக் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொண்டு மறுபடி மேலே. அத்தைக்கு இது பிடிக்கவில்லை. “மீன்னா தண்ணில இருக்கணும்” என்று சொல்லிவிட்டார்.

நாலரை மணிக்குமேல் ஈயக் கோடு கொஞ்சம் தடித்தது. இங்கே அலை சீறிக்கொண்டு வராது. மணல் வரிகளுக்கு இடையில் மௌனமாக நிறைந்து, ஒவ்வொரு பள்ளமாகப் பளபளக்கும். நாங்கள் பாயைச் சுருட்டி, புளிச்சாதப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, காலடியில் ஒரு நண்டு கடைசிப் பிடி மணலை உள்ளிருந்தே இழுத்து வளைவாயை அடைத்துக்கொண்டது. பேரன் காரில் ஏறும்போதும் அந்தச் சவுக்குக் குச்சியைக் கையில் வைத்திருந்தான். “நீங்களாச்சும் சொல்லுங்க பாப்போம், எங்க உடைச்சிருக்கேன்னு” என்று என் மனைவியிடம் நீட்டினான்.