பேய் வேடமும் மாக்கோழியும்

அக்டோபர் 31 வந்தால் ஐதராபாத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போதெல்லாம் ஒரு புதுக் காட்சி காணக் கிடைக்கிறது. குழந்தைகள் பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு என்று வேடம் கட்டிக்கொண்டு கதவு கதவாகத் தட்டி மிட்டாய் வாங்குகிறார்கள். ஹாலோவீனாம். மிதானி, பி.டி.எல்., டி.ஆர்.டி.ஓ. ஆய்வகங்கள் என வேலைக்கு வந்து காஞ்சன்பாக் பக்கம் வேரூன்றிவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களிலும் இது பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. "வெள்ளைக்காரன் பேயைக் கொண்டாடணும்னு நமக்கென்ன தலையெழுத்து?" என்பது தாத்தா பாட்டி கட்சி. "குழந்தைங்க ஒருநாள் ஆசையா விளையாடுதுங்க, விடுங்கப்பா" என்பது மகன் மருமகள் கட்சி. இரு சாராருமே நம் பழைய நூல்களைச் சாட்சிக்கு அழைக்காமல் வழக்காடுகிறார்கள் என்பது அடியேன் கருத்து.

முதலில் இவ்விழாவின் வரலாற்றைப் பார்ப்போம். நவம்பர் 1 கிறித்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் நாள். நவம்பர் 2 இறந்தோரை நினைக்கும் நாள்; நம் ஊர்க் கிறித்தவர்கள் கல்லறைத் திருநாள் என்பார்கள். இவற்றுக்கு முந்திய இரவுதான் ஹாலோவீன். இங்கிலாந்தில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் சென்று, இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி அப்பம் வாங்கிய வழக்கம் இருந்தது. அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது அங்கே எளிதில் கிடைத்த பூசணிக்காயைக் குடைந்தார்கள். ஊர் மாறினால் காய் மாறும். இது புலம்பெயர்ந்த நமக்குப் புரியாத சங்கதியா?

வேடம் கட்டுவதும் நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசராவுக்குக் காளி, குரங்கு, குறவன் என்று வேடமிட்டு, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்துகிறார்கள். மேல்மலையனூரில் மாசி மாத மயானக் கொள்ளை. நாம் குடியிருக்கும் ஐதராபாத்தில் ஆஷாட போனாலுவின்போது மஞ்சள் பூசி, சாட்டை சுழற்றி வரும் போத்தராஜுவைக் கண்டு அலறாத குழந்தை உண்டா? அவ்வளவு ஏன், "பூச்சாண்டி வர்றான், வாயைத் திற" என்று சோற்றோடு பயத்தையும் சேர்த்து ஊட்டியவர்கள் நாம்தானே! ஆகவே, "பேய் அந்நியம்" என்ற வாதம் எடுபடாது.

பேயை வைத்துச் சிரிப்பதும் தமிழில் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைத்துப் பந்தி வைக்கின்றன. பார்ப்பனப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று வகைவகையாக இலையில் அமர்கின்றன. எங்கள் சமணரையும் புலவர் விட்டுவைக்கவில்லை. உயிர்க்கொலை ஆகாது, ஒருவேளைதான் உணவு என்ற சமணப் பேய்க்குக் கூழை வடிகட்டிப் பரிமாறச் சொல்கிறார். படிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. ஆனால் அது பிணக்கூழ் என்பதை மறந்தால்தான் அந்தச் சிரிப்பு. பரணியின் நகைச்சுவை உயர்ந்தது, மழலைகளுக்கு உரியதன்று.

குழந்தைகளுக்கு ஏற்ற பேய் நீலகேசியில் இருக்கிறது. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் உரையுடன் பதிப்பித்த சமணக் காவியம் இது. பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டில் முனிச்சந்திரர் என்ற துறவி தங்கியிருக்கிறார். அருகே காளி கோயில். ஆடு கோழி பலியிட வந்தவர்களிடம், மண்ணால் விலங்கின் உருவம் செய்து வைத்தாலே போதும் என்கிறார் முனிவர். பலி நின்றுபோகவே, அவரை விரட்டுவதற்குப் பழையனூர் நீலியை வரவழைக்கிறாள் காளி. நீலி போடாத கூச்சல் இல்லை, காட்டாத உருவம் இல்லை. முனிவரோ அசையவில்லை. முடிவில் அவரிடமே அறம் கேட்டு மாணவியாகிறாள் பேய்! பிறகு ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் எல்லோரோடும் வாதம் புரிகிறாள். அதே ஊர், அதே பெயர் கொண்ட நாட்டுக்கதை நீலி வணிகனைக் கொன்று "நீலிக்கண்ணீர்" என்ற சொல்லை விட்டுச் சென்றாள். காவிய நீலி கேள்விகளை விட்டுச் சென்றாள். பேயையும் திருத்தி எடுக்கலாம் என்று நினைத்த அந்தப் பெயர் தெரியாத புலவரின் நெஞ்சு எவ்வளவு பெரியது!

இனி யசோதர காவியத்துக்கு வருவோம். மகன் கெட்ட கனவு கண்டதாகச் சொல்ல, சண்டிக்குக் கோழி பலியிடச் சொல்கிறாள் தாய் சந்திரமதி. உயிர்க்கோழி வேண்டாம் என்று மாவால் கோழி செய்து வெட்டுகிறான் மன்னன் யசோதரன். மாவுதானே என்று காவியம் விட்டுவிடவில்லை. தாயும் மகனும் நாய், மயில் என்று பல பிறவிகள் எடுத்து அல்லல்படுகிறார்கள். மண் விலங்கு புண்ணியம், மாக்கோழி பாவமா? இரண்டும் பொம்மைதானே? பொம்மையில் வேற்றுமை இல்லை, கையில்தான் வேற்றுமை. மண் விலங்கை வைத்தவன் கொலையைக் கைவிட்டான். மாக்கோழியை வெட்டியவன் கொலையை மனத்தால் செய்து பழகினான்.

நம் குடும்ப வழக்குக்குத் தீர்ப்பு இங்கே கிடைத்துவிடுகிறது. பேயாக, வெளவாலாக, பூதமாகக் குழந்தை வேடம் கட்டட்டும். அது மண் விலங்கு. ரத்தம் சொட்டும் கோடாரி, கழுத்தில் பாய்ந்த கத்தி என்று கடையில் விற்கிறார்களே, அவை மாக்கோழி. ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். சின்னஞ்சிறிசுகள் அழுதால், "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று கேலி செய்யாமல் முகமூடியைக் கழற்றிக் காட்டுங்கள். அன்றிரவு நீலகேசி கதையைச் சொல்லுங்கள். பேய் கத்தியது, முனிவர் ஓடவில்லை. அடுத்து என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் நமக்கும் பாடமாகும்.

யசோதரனும் சந்திரமதியும் கடைசியில் அபயருசி, அபயமதி என்ற அண்ணன் தங்கையாகப் பிறக்கிறார்கள். இளம்பிள்ளைகளான இருவரையும் பலியிடுவதற்காகச் சண்டமாரி கோயிலில் நிறுத்துகிறார்கள். அவர்கள் அஞ்சவில்லை. தம் கதையைச் சொல்லி, பலியிட வந்த மாரிதத்தன் என்ற அரசனையே மாற்றிவிடுகிறார்கள். அபயம் என்றால் அச்சமின்மை. உணவு, மருந்து, கல்வி ஆகிய தானங்களோடு அபயத்தையும் ஒரு தானமாக எண்ணியது சமணம். வாசலில் வந்து நிற்கும் குட்டிப் பேய்க்கு மிட்டாய் கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுப்போம்.