கத்தியில்லாத கொள்ளை

மைனர் சொத்துக்குக் கார்டியன் என்றால் நம் வாசகர்களுக்குத் தெரியும். வயது வந்த, வீடு வாசலும் பாங்கிக் கணக்கும் உள்ள ஒருவருக்கு, அவர் அறியாமலே கோர்ட்டு ஒரு கார்டியனை நியமித்துவிடலாம் என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்? நம்ப வைக்கத்தான் கதைக்காரன் இருக்கிறான். அவன் எங்கே ஜெயிக்கிறான், எங்கே தோற்கிறான் என்று பார்க்க, ஜே. பிளேக்ஸன் எழுதி இயக்கிய ‘ஐ கேர் எ லாட்’ என்ற ஆங்கிலப் படத்தை எடுத்துக்கொள்கிறேன். 2020-ல் டொரான்டோ திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்ட படம் இது.

மார்லா என்பவள் அமெரிக்காவில் கார்டியன் வேலையையே தொழிலாக நடத்துகிறாள். தனியாக வாழும் பணக்கார அம்மாள் ஒருவரை ஒரு டாக்டர் காட்டிக் கொடுக்கிறாள்; அவருக்கு ஞாபகசக்தி போய்விட்டதென்று எழுதியும் கொடுக்கிறாள். அந்த அம்மாள் இல்லாமலே விசாரணை நடக்கிறது. நீதிபதி உத்தரவு போடுகிறார். கையில் உத்தரவும் முகத்தில் புன்னகையுமாக மார்லா வாசலில் வந்து நிற்கிறாள். அந்த அம்மாள் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். டெலிபோனைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். வீடு காலியாகிறது. யாரும் குரலை உயர்த்துவதில்லை; எல்லாம் வெகு மரியாதையாக நடக்கிறது. இந்த முதல் பகுதியைப் பார்த்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது.

வில்கி காலின்ஸ் 1859-60-ல் தொடர்கதையாக எழுதிய ‘தி வுமன் இன் ஒயிட்’ நாவலிலும் சொத்துக்காக ஒரு பெண்ணைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கிறார்கள். ஆனால் அதற்கு வில்லன்கள் ஆள்மாறாட்டம் செய்ய வேண்டியிருக்கிறது. மார்லாவுக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. ஒரு பொய்ச் சர்ட்டிபிகேட் போதும். மீதியைக் கோர்ட்டே செய்து கொடுத்துவிடுகிறது. பழைய நாவலில் சட்டம் ஏமாந்த காவல்காரன். இங்கே அதுவே கதவைத் திறந்துவிடுகிறது. இதைக் கண்டு சொன்னது பிளேக்ஸனின் பெரிய வெற்றி.

அதற்குப் பிறகு, தாம் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கண்டு அவரே பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அடைபட்ட அம்மாள் ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவனின் தாய் என்று தெரிய வருகிறது. துப்பாக்கி, வைரம், துரத்தல் என்று படம் வேறு பாதையில் ஓடுகிறது. கடைசியில் கொள்ளைக்காரனும் மார்லாவும் கூட்டு வியாபாரிகளாகிறார்கள். இது நல்ல கிண்டல்தான். ஆனால் ஆபத்தான கிண்டல். தீயவள் தீயவனோடு மோதும்போது நாம் சௌகரியமாக வேடிக்கை பார்க்கலாம், அநியாயம் மறந்துபோகும்.

நிஜத்தில் யார் வந்து மோதினார்கள்? லாஸ் வேகாஸ் நகரம் உள்ள கிளார்க் கவுண்டியில் ஏப்ரல் பார்க்ஸ் என்ற தொழில்முறைக் கார்டியன் பலரை இப்படிச் சுரண்டினாள். 2019 ஜனவரியில் அவளுக்கு 16 முதல் 40 ஆண்டுவரை சிறைத் தண்டனை கிடைத்தது. அவளிடம் சிக்கியவர்களுக்கு மாஃபியா மகன் யாரும் இல்லை. மனு மேல் மனுவாக எழுதி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய மகளும் உறவினரும்தான் இருந்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிய பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள். கார்டியன் வழக்கில் சிக்குகிறவருக்கு ஒரு வக்கீலை அமர்த்திக் கொடுக்க வேண்டும் என்று நெவாடா மாநிலம் 2017-ல் சட்டம் செய்தது. உண்மையாகவே புத்தி தடுமாறியவர்களுக்குக் கார்டியன் வேண்டியதுதான். ஆனால், ‘எனக்குப் புத்தி தடுமாறவில்லை’ என்று சொல்ல ஒரு வாய்ப்பாவது இருக்க வேண்டாமா?

படத்தின் தொடக்கத்தில் ஃபெல்ட்ஸ்ட்ரோம் என்று ஒருவன் வருகிறான். தாயைப் பார்க்க விடுதி வாசலில் மன்றாடுகிறான், வெளியே தள்ளுகிறார்கள். கோர்ட்டிலும் தோற்கிறான். தாய் இறந்த பிறகு, கடைசிக் காட்சியில் வந்து மார்லாவைச் சுடுகிறான். அந்தக் குண்டோடு கணக்குத் தீர்ந்தது என்று நாம் எழுந்து போகிறோம். ஆனால் செத்தது மார்லா மட்டும்தான். உத்தரவு போட்ட நீதிபதியின் கை அப்படியே இருக்கிறது.

படத்தின் உண்மையான கதாநாயகன் அந்த மகன்தான். அவனுக்குக் கிடைத்ததோ முதலில் சில நிமிஷம், முடிவில் சில நிமிஷம். நடுவில் அவன் எத்தனை நாள் அந்தப் பூட்டிய கதவின் முன்னால் நின்றான் என்று யாராவது எழுதினால், துப்பாக்கியே இல்லாமல் அது பெரிய நாவலாகும்.