மெனோராவின் எண்ணெய்: யூத மரபில் ஒரு குறியீட்டின் நகர்வு

யூத சமயக் குறியீடுகளுள் தொன்மை மிக்கதாகிய மெனோரா என்னும் எழுகிளை விளக்குத்தண்டு, பெரும்பாலும் ஒளியின் குறியீடாகவே விளக்கப்படுகிறது. இவ்விளக்கம் தவறன்று, ஆயின் போதாது. ஒளியை மட்டும் நோக்குவோர் அதற்கு மூலமாகிய எண்ணெயைக் கவனியாது கடந்துவிடுகின்றனர்.

விடுதலைப்பயண நூலின் 25ஆம் அதிகாரம், ஒரு தாலந்துப் பசும்பொன்னை அடித்து, வாதுமை மலர் வடிவங்களோடு விளக்குத்தண்டைச் செய்யுமாறு பணிக்கிறது. 27ஆம் அதிகாரமோ இடித்தெடுத்த தூய ஒலிவ எண்ணெயை மக்களே கொண்டுவர வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பறிப்பிலும் முதலில் வடியும் எண்ணெய் விளக்கிற்கும் எஞ்சியது உணவுப் படையலுக்கும் உரியன என மிஷ்னாவின் மெனாகோத் பகுதி வகுக்கிறது. சிறந்த எண்ணெய் சமையலுக்கும் மட்டமானது விளக்கிற்கும் செல்வதே இல்லங்களின் வழக்கு. எருசலேம் கோவிலில் அது தலைகீழாயிற்று. அளவும் வரையறுக்கப்பட்டது: விளக்கொன்றுக்கு அரை லோக், ஏழு விளக்குகளுக்கு மூன்றரை லோக். இறைவனுக்கு இவ்வொளி தேவையில்லை, இது அவருடைய உடனிருப்புக்குச் சான்று மட்டுமே எனத் தால்முது தெளிவுபடுத்துகிறது. தேவையற்ற ஒளிக்கு இத்துணைக் கண்டிப்பான அளவு என்பது சிந்திக்கத்தக்கது.

செக்கரியா நூலின் 4ஆம் அதிகாரத்தில் காட்சி முற்றிலும் மாறுகிறது. விளக்குத்தண்டின் இருபுறமும் இரு ஒலிவ மரங்கள் நிற்கின்றன. பொற்குழாய்கள் வழியே எண்ணெய் தானே வழிகிறது. இடிப்பாரும் இல்லை, சுமப்பாரும் இல்லை. படைவலிமையால் அன்றி இறை ஆவியாலேயே கோவிற்பணி நிறைவுறும் என்பது செருபாபேலுக்கு அங்கு உரைக்கப்படும் செய்தி. முன்னதில் எண்ணெய் மனித உழைப்பு, பின்னதில் அருட்கொடை. குறியீட்டின் உயிர்நிலை இம்முரணில் உள்ளது.

கி.மு. 164இல், நான்காம் அந்தியோக்கின் ஆட்சியில் தீட்டுப்பட்ட கோவிலை யூதா மக்கபே மீண்டும் நேர்ந்தளித்ததன் நினைவே ஹனுக்கா. மக்கபேயர் நூல்கள் இரண்டும் எட்டு நாள் விழாவைக் கூறினும் எண்ணெய் அற்புதத்தைக் கூறவில்லை. இரண்டாம் நூல் அவ்வெட்டு நாள்களைக் கூடாரப் பெருவிழாவோடு இணைக்கிறது. இவ்விழாவை 'ஒளிகள்' எனச் சுட்டும் ஜோசிபசும் எண்ணெயைக் குறிப்பிடவில்லை. தலைமைக் குருவின் முத்திரையிட்ட, ஒரு நாளுக்கே போதுமான சிறு குப்பி எட்டு நாள் எரிந்த செய்தியைப் பாபிலோனியத் தால்முதின் ஷப்பாத் பகுதியிலேயே காண்கிறோம்.

போர் வெற்றியை மறைக்க ரபிகள் புனைந்த கதை இது என்னும் கருத்து பாதி உண்மையே. ஹனுக்கா ஓய்வுநாள் வாசகமாகச் செக்கரியாவின் விளக்குக் காட்சியை அவர்கள் தேர்ந்தமை, வாளிலிருந்து பார்வையைத் திருப்பும் நோக்கத்தைக் காட்டுகிறது. எனினும் அக்குப்பி வானிலிருந்து இறங்கியதன்று. எவரோ இடித்து, வடித்து, முத்திரையிட்டு வைத்தது அது. அவ்வகையில் அது விடுதலைப்பயணத்தின் எண்ணெய். தீராது எரிந்த வகையில் செக்கரியாவின் எண்ணெய். முரண்பட்ட இரு மரபுகளும் ஒரு குப்பியில் கலந்தன எனலாம்.

16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ எழுப்பிய வினாவும் இக்கலப்பையே தொடுகிறது: ஒரு நாளுக்குரிய எண்ணெய் இருந்ததெனில் அற்புதம் ஏழு நாள்களுக்கே, விழா எட்டு நாள் ஏன்? விடைகள் பல கூறப்பட்டன. விடைகளினும் வினாவே சுவையானது. அற்புதத்தையும் அளந்து நோக்கும் அம்மனம், அரை லோக் அளந்த மரபின் வழிவந்ததே.

கி.பி. 70இல் கோவில் அழிந்தபின், உரோமையின் டைட்டஸ் வளைவில் மெனோரா கொள்ளைப்பொருளாகச் செதுக்கப்பட்டது. தோள்களில் சுமக்கப்படும் அவ்விளக்கில் சுடர் இல்லை. 1949இல் இசுரேல் அரசு தன் சின்னத்திற்கு வென்றோர் செதுக்கிய அவ்வடிவத்தையே ஏற்று, இருபுறமும் ஒலிவக் கிளைகளைச் சேர்த்தது. கிளைகள் செக்கரியாவை நினைவூட்டுகின்றன. மரங்களிலிருந்து எண்ணெயைக் கொணர்ந்த பொற்குழாய்கள் மட்டும் அச்சின்னத்தில் இல்லை.