காலடியில் வெள்ளி: அணிகலன் ஆய்வில் ஒரு மறுபார்வை

தமிழர் அணிகலன்களைப் பற்றி எழுதுவோர் பொன்னுக்குப் பல பக்கங்களை ஒதுக்கிவிட்டு, வெள்ளியைக் கொலுசு, மெட்டி என்னும் இரண்டு சொற்களில் முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பொன் திருமகளின் உறைவிடம்; அதை இடைக்குக் கீழே அணிதல் ஆகாது; ஆகவே தமிழர் தொன்றுதொட்டுக் காலுக்கு வெள்ளியை வகுத்தனர் என்னும் விளக்கமும் அக்கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. இன்று அத்தகைய வழக்கம் இருப்பது உண்மையே. 'தொன்றுதொட்டு' என்னும் சொல்லைத்தான் நாம் ஏற்கத் தயங்குகிறோம்.

சிலப்பதிகாரமே இதற்குச் சான்று. வழக்குரை காதையில் கண்ணகி தன் காற்சிலம்பைப் பொன்னால் ஆனதென்றே குறிப்பிடுகிறாள். கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கப் பரல். வெளித்தோற்றத்தால் ஒத்த இரு அணிகளை உள்ளிருந்த பரல் பிரித்துக் காட்டியது என்பதே அவ்வழக்கின் உயிர்நிலை. வகுப்பறையில் சிலம்பை வரையச் சொன்னால் மாணவர் பெரும்பாலும் வெள்ளிக் கொலுசையே வரைகின்றனர். இது சிறு பிழையன்று. சிலம்பு உள்ளீடற்ற வளையம். அதன் ஒலி உள்ளிருக்கும் பரலால் எழுவது. கொலுசு கணுக்காலோடு படியும் சங்கிலி. அதன் ஒலி வெளியே தொங்கும் சலங்கை மணிகளால் எழுவது. கொலுசை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பவர்க்குச் சிலம்பை உடைக்க வேண்டிய தேவையே விளங்காது. அதை வெள்ளி என்று கொண்டாலோ, அதனை விற்று வாணிகம் தொடங்க மதுரைக்கு வந்த கோவலனின் நம்பிக்கையும் பொற்கொல்லனின் சூழ்ச்சியும் வலுவிழந்துவிடும்.

அவ்வாறாயின், வெள்ளி தாழ்ந்ததா? பொன் என்னும் சொல் பழந்தமிழில் உலோகத்துக்குப் பொதுப்பெயராகவும் வழங்கியது. வெள்ளி வெண்பொன் எனப்பட்டது. ஐம்பொன் என்னும் தொகையில் அதற்கும் இடமுண்டு. மதுரையில் இறைவன் கால்மாறி ஆடிய மன்றம் வெள்ளியம்பலம். சிலப்பதிகாரப் பதிகத்தில் சாத்தனார் நள்ளிரவில் கிடந்ததாகச் சொல்லும் இடமும் அதுவே. காலுக்குரிய உலோகம் என்று ஒதுக்கப்படும் வெள்ளி, ஆடும் திருவடிக்கு அரங்கமாகவும் அமைந்ததை அணிகலன் ஆய்வாளர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெள்ளியின் அழகை அதன் இயல்பிலிருந்தே விளக்கலாம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியை உலோகங்களுள் மிகுதியாகத் திருப்பி அனுப்புவது வெள்ளி. அதன் அடர்த்தி 10.5, பொன்னுடையது 19.3. ஒரே அளவிலான தண்டையைப் பொன்னில் செய்தால் எடை ஏறத்தாழ இருமடங்காகும். பருத்த தண்டையும் அகன்ற காப்பும் வெள்ளியில் இயல்பாக அமைவதற்கு விலை மட்டுமே காரணமன்று. தூய வெள்ளி மிக மென்மையானது. ஆதலால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும் எஞ்சியது பெரும்பாலும் செம்புமாகக் கலந்து உறுதியாக்குவர். நுண்ணிய கம்பியாக நீளும் தன்மையே சேலத்துக் கொலுசுத் தொழிலுக்கும் கிளந்தான் வெள்ளிவேலைக்கும் பொதுவான அடிப்படை. (பேராக் என்னும் மாநிலப் பெயருக்கு மலாயில் வெள்ளி என்பது பொருள், அங்குக் கிடைத்த ஈயத்தின் நிறமே அதற்குக் காரணம் என்பர்.)

வெள்ளி கறுப்பதைக் குறையாகச் சொல்வோர் உளர். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் அதன் மேற்பரப்பில் படலம் உண்டாகிறது. நம் இல்லங்களில் திருநீற்றால் தேய்த்து அதை நீக்குவர். நாள்தோறும் அணியப்படும் கொலுசு உராய்வினால் தானே ஒளி பெறும். பெட்டியில் கிடப்பதே விரைவில் மங்கும். செதுக்கு வேலையின் பள்ளங்களில் தங்கும் கருமை மேடுகளை எடுத்துக்காட்டுவதால், தேர்ந்த கம்மியர் அதனை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு. பழைய அணிகளைப் பளபளவென்று துலக்கிக் காட்சிக்கு வைப்பது நமக்கு உடன்பாடன்று.

காலுக்கே வெள்ளி என்னும் விதி தென்னாடு முழுமைக்கும் பொருந்துவதுமன்று. நீலகிரித் தோடர் மகளிர் வெள்ளி அணிகளைக் கழுத்திலும் கையிலும் அணிந்தனர். லம்பாடி மகளிர் கூந்தலில் கோத்துக் கன்னத்தின் இருபுறமும் தொங்கவிட்ட அணிகளும் வெள்ளியே.