இடுப்பில் செருகிய வணிகம்

துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல ஒரு மாநிலம் தரும் உரிமம் மற்ற மாநிலங்களிலும் செல்லும் என்ற மசோதாவை 2017 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 231–198 வாக்குகளில் நிறைவேற்றியது. செனட்டைத் தாண்டவில்லை. அதை ஒரு பிரதியாக வாசித்தபோது என்னை நிறுத்தியது ஒரு தொடர்: மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தில் வந்த கைத்துப்பாக்கி. பொருள் எப்போதோ எல்லை கடந்துவிட்டதால் காங்கிரசுக்கு அதிகாரம் உண்டாம்.

இதே வணிகப் பிரிவை 2000இல் ஒரு கல்லூரி மாணவிக்காகவும் நீட்டிப் பார்த்தார்கள். மாரிசன் வழக்கு. வன்புணர்வுக்கு ஆளானதாகச் சொன்ன அவள், பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின்படி இழப்பீடு கேட்டாள். அந்த வன்முறை பொருளாதாரச் செயல்பாடு அல்ல என்று சொல்லி, 5–4 எனப் பிரிந்த உச்ச நீதிமன்றம் அந்த உரிமையையே ரத்து செய்தது. பெண்ணுடல் வணிகமில்லை என்பதை நீதிமன்றம் இப்படியா ஒப்புக்கொள்ள வேண்டும்!

பெண்ணுக்குத் தற்காப்பு வேண்டாமா என்பார்கள். 2013இல் பென்சில்வேனியா உரிமத்தோடு நியூ ஜெர்சிக்குள் வந்த கறுப்பினத் தாய் ஒருத்தி, துப்பாக்கி வைத்திருப்பதைப் போலீசிடம் தானே சொல்லிக் கைதானாள். 2015இல் ஆளுநர் மன்னித்தார். அவளுக்காக எனக்கும் கோபம் வருகிறது. ஆனால், பயிற்சியே கேட்காத மாநிலத்தில் உரிமம் வாங்கிய ஒருவன், தன்னை விட்டு வேறு மாநிலத்துக்கு ஓடியவளைத் தேடிப் போகிறான். அவள் இன்னும் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கவில்லை. இந்த மசோதாவின்படி அவன் உரிமம் அங்கேயும் செல்லும்.