துக்கியும் தோகையும்: விவிலியச் செம்மை பற்றிய ஒரு நோக்கு

சாலமோன் மன்னனின் கப்பல்கள் மூன்றாண்டுகளுக்கொருமுறை கொணர்ந்த பொருள்களைப் பழைய ஏற்பாட்டின் முதலாம் அரசர் நூல் (10:22) வரிசைப்படுத்துகின்றது. பொன், வெள்ளி, யானைத்தந்தம், குரங்கு என்பவற்றோடு அங்கு மயிலும் இடம்பெறுகின்றது. மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ என்னும் எபிரேயச் சொல் தமிழ்த் ‘தோகை’யே எனக் கால்டுவெல் தமது ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார். அன்றுதொட்டு, விவிலியம் வழுவற்றது என நிறுவ முயல்வோரும் தமிழின் தொன்மையை விதந்துரைப்போரும் இவ்வொரு சொல்லையே சான்றாகக் கொண்டு வந்துள்ளனர்.

சான்றின் எல்லையை முதலில் வரையறுத்தல் வேண்டும். சாலமோன் கி.மு. 10ஆம் நூற்றாண்டினன், அரசர் நூல் இன்றைய வடிவம் பெற்றதோ கி.மு. 6ஆம் நூற்றாண்டளவில். ஆகவே, அச்சொல் தமிழே எனினும், நூல் எழுந்த காலத்துக்குள் பண்டத்தோடு பெயரும் பயணஞ்செய்தது என்பதே பெறப்படும். அச்சொல்லை எகிப்திய மூலத்தோடு தொடர்புபடுத்திக் குரங்கினமாகக் கொள்வாருமுளர். கிரேக்க மொழிபெயர்ப்பின் வத்திக்கான் கைப்பிரதியில் அவ்விடத்தில் மயிலே இல்லை. செதுக்கிய கற்களே கூறப்படுகின்றன.

மறுதரப்பாரின் வாதமும் ஆராயத்தக்கதே. யோசபாத்து எசியோன்கெபேரில் அமைத்த ‘தர்சீசுக் கப்பல்கள்’ ஓபீருக்குச் செல்லவிருந்தன என்பது அரசர் நூல் (1 அரசர் 22:48). அவை தர்சீசுக்கே செல்லவிருந்தன என்பது குறிப்பேடு (2 குறிப்பேடு 20:36). எசியோன்கெபேர் செங்கடல் துறை; தர்சீசோ மத்தியதரைக் கடலின் மேற்கே உள்ளதென்பது பலர் துணிபு. இம்முரணைக் காட்டி முழு நூலையும் புனைகதையெனத் தள்ளுவோர் உளர். ஆபிரிக்காவைச் சுற்றிச் சென்றனர் எனச் சமாதானம் கூறுவோரும் உளர். ‘தர்சீசுக் கப்பல்’ என்பது நெடுங்கடலோடும் பெருங்கலத்தின் பெயர் எனக் கொள்வதே பொருத்தமாகும். சீனச்சட்டி யாவும் சீனத்திலிருந்து வந்தனவல்ல. பிற்காலக் குறிப்பேட்டாசிரியர் கலத்தின் பெயரைச் சேரிடமாகக் கொண்டார் போலும். ஆயினும் அவ்விரு கூற்றுக்களையும் திருத்தி ஒன்றாக்காது பேணிய மரபின் நேர்மை மனங்கொள்ளத்தக்கது. விவிலியத்தின் வரலாற்றுப் பெறுமதி இதனாற் குன்றுவதில்லை. பழைய கடல்வழக்கொன்று முன்னைய நூலிற் சிதையாது நிற்பதை நாம் அறிகின்றோம்.

எமது தீவகமே இதற்கு ஓர் ஒப்புமை தருகின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். யானை, குதிரை ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியதென அது விதிக்கின்றது. ஊராத்துறையாகிய ஊர்காவற்றுறைக்கு வரும் வணிகர்க்காக, பொலன்னறுவை மன்னனின் ஆணை தமிழிற் பொறிக்கப்பட்டது. வணிகரின் மொழி அரசரின் ஏட்டிலும் இடம்பெறுவது இயல்பே. எனினும், இக்கல்வெட்டைக் கொண்டு சாலமோனின் கலங்கள் ஊர்காவற்றுறையை அடைந்தன என ஒருவர் கூறின், அதனை எவரும் ஏற்கார்.

ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் கத்தோலிக்கத் துறவி. 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1954இல் வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966இல் மறுபதிப்பாக்கினார். விசுவாசம் அவரது ஆவணத் தேடலுக்குத் தடையாகவில்லை. விவிலியத்தைக் காக்க விழைவோரும் கண்டிக்க முனைவோரும் சான்று செல்லுமிடம் வரையே செல்லுதல் வேண்டும். அதற்கப்பால் வைக்கும் வாதம் நூலுக்கும் மொழிக்கும் ஒருங்கே ஊறு விளைக்கும்.